சமநிலைப் பாடம்

வெள்ளவத்தையில் கெமிஸ்ட்ரி டியூஷன் நடத்தும் ஞானகுரு மாஸ்டர் சோக்கட்டியும் கையுமாக நின்றார்.

"சமநிலை வந்தாலும் இரசாயனத் தாக்கம் நிண்டுபோகாது, பிள்ளையள். முன்னுக்குப் போற அளவு பின்னுக்கும் வரும். வெளியில நிண்டு பாக்கிறவனுக்கு ஒண்டும் மாறாது."

முன்வாங்கில் இருந்த கௌரி எழுந்தாள்.

"சேர், எங்கட வகுப்பு நிமலனைக் காலமை பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டினம். அறையில வெள்ளைத் தூள் இருந்ததாம். வெடிமருந்தெண்டு சொல்லுகினம்."

"ஐயோ, அது பரிசோதனை செய்து பாக்கச் சொல்லி நான் குடுத்துவிட்ட அப்பச் சோடாவெல்லோ!"

போகிற வழியில் ஒரு தேசிக்காய் வாங்கிக்கொண்டு மாஸ்டர் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். இன்ஸ்பெக்டரின் மேசையிலேயே அந்தத் தூளில் சாற்றைப் பிழிந்தார். நுரை பொங்கி அடங்கியது.

"இவ்வளவுதான், சேர்" என்றார் சிங்களத்தில்.

இன்ஸ்பெக்டர் சிரித்தேவிட்டார். "சரி, பையனை விடுகிறேன். இதெல்லாம் இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நான்தான், சேர். யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ பெடியன்களுக்கு நான்தான் கெமிஸ்ட்ரி படிப்பித்தேன்."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது.

நிமலன் கூண்டிலிருந்து வெளியே வந்தான். அவன் குந்தியிருந்த மூலையில் மாஸ்டர் குந்தினார்.

பின்னேரம் கம்பிக்கு வெளியே நின்று தலை எண்ணிய கொன்ஸ்டபிளுக்கு ஒன்றும் மாறியிருக்கவில்லை.