ஒற்றை இழை

குருசாமியின் துணிப்பையை உதறியதும் தரையில் ஐந்து செம்புக் கம்பித் துண்டுகள் விழுந்தன. ஐந்தும் நுனி கருகியிருந்தன.

"இது என்ன வே?" என்றார் என்ஜினியர் மைதீன் பாட்சா. அந்தக் கிராமத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாராவாரம் அபாய மணி அடித்தது. மெக்கானிக் ஆவுடையப்பன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தால் பேட்டரி சார்ஜரின் ஃபியூஸ் போயிருக்கும். ஆறாவது வாரம் பொறுக்கமாட்டாமல் சங்கரன்கோவிலிலிருந்து அவரே ஜீப்பில் வந்துவிட்டார்.

"பெருக்கும்போது கெடந்துச்சு சார். எதுக்கும் உதவுமேன்னு எடுத்து வச்சேன்."

கூட்டிப் பெருக்குவதும், மணி அடித்தால் போன் செய்து சொல்வதும் குருசாமியின் வேலை. ஏழு வருஷமாகத் தற்காலிகம்தான். இந்த வருஷம் நிரந்தரமாகும் என்று கோவில் கோவிலாக வேண்டிக்கொண்டிருந்தான்.

என்ஜினியர் பேட்டரித் தண்ணீரை அளந்து பார்த்தார். சார்ஜரைத் திறந்து பார்த்தார். கட்டிங் பிளேயரை எடுக்க, பக்கத்தில் நின்ற ஆவுடையப்பனின் டூல் பைக்குள் கையை விட்டார். வாழை இலைப் பொட்டலம் ஒன்று வந்தது. உள்ளே பிச்சிப்பூ.

"என்ன வே, பேட்டரிக்குப் பூசையா?"

ஆவுடையப்பன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. கரண்டு நின்னு வந்தா சார்ஜர் கொஞ்சம் கூடுதலா இழுக்கும், அதுக்கெல்லாம் ஃபியூஸ் போவாது" என்று குருசாமி பக்கம் திரும்பினார். "நீருதான் நோண்டுதீரு. நாளைலருந்து வர வேண்டாம்."

"கோமதியம்மன் மேல சத்தியம் சார். தொடைக்கக்கூட அந்தப் பெட்டியத் தொட்டதில்ல."

என்ஜினியர் காதில் வாங்கவில்லை. குருசாமி பையை மடித்துக்கொண்டு வெளியே போய் சைக்கிளைப் பிடித்தான். போன வாரம் ஆவுடையப்பனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்த கை அது. ஆவுடையப்பனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"சார், அந்தக் கம்பியப் பாருங்க. ரெண்டு இழை முறுக்கிப் போடணும். அஞ்சும் ஒத்த இழை, கரண்டு கூடுனா தாங்காது. கட்டுனது நான்தான். தப்பு எம்மேலதான் சார்."

என்ஜினியர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இருவது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சோம்பேறியப் பாத்ததில்ல வே" என்று தொடங்கி ஆசைதீரத் திட்டினார். குருசாமியை உள்ளே கூப்பிட்டு, எப்போதும்போல வேலைக்கு வரச் சொன்னார். தம் கையாலேயே இரண்டு இழை முறுக்கிக் கட்டினார்.

"இது இனி ஒரு வருஷத்துக்கு அசையாது. மெமோ வரும், வாங்கிக்கிடும்" என்று ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

குருசாமி ஓடிவந்து ஆவுடையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்காவப் பழிய ஏத்துக்கிட்டீயளே அண்ணாச்சி!"

ஆவுடையப்பனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட இந்த அளவு வலித்திருக்காது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துவிட்டு நடந்தான்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் போகாமல் தெருக்கோடி வீட்டுக்குப் போனான். வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு நாலு வருஷத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்துவிட்ட அக்காள் முப்பிடாதி, வாசலிலேயே நின்றாள். வீட்டில் அவள் பேரை எடுக்கவே அய்யா விடமாட்டார். ஆபீஸ் வேலை என்றால் மட்டும்தான் அவன் இந்த ஊர் பஸ்ஸில் ஏற முடியும்.

முப்பிடாதி பிச்சிப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். சுடச்சுடச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏலே தம்பி, அடுத்த ஃபியூஸ் எப்பலே போவும்?"