சங்குக்கு மறுபேச்சு இல்லை

ஃபிலிபோ வெட்டுக்கத்தியோடு படியிறங்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. ஒரு கால் மண்ணில், ஒரு கால் படியில்.

தங்கை லுபே, செமியோடு துறைக்குப் போய்விட்டாள் என்று தம்பி பெனி அப்போதுதான் ஓடிவந்து சொல்லியிருந்தான். செமி பக்கத்துத் தீவுக்காரன், சொந்தமாக மோட்டார் படகு வைத்திருப்பவன். படகு கிளம்பிவிட்டால் கல்யாணம். அதற்குள் ஃபிலிபோ போய்விட்டால் என்ன ஆகும் என்பது, போன வருஷம் லுபேயைப் பார்த்துச் சிரித்த பஸ் டிரைவருக்குத் தெரியும். அவர் இன்னும் கொக்கோக் கஞ்சிதான் குடிக்கிறார். அன்றைக்கு ஃபிலிபோவின் கையில் கத்தி இல்லை.

ஆனால் சங்கு ஊதிவிட்டது. சவாயித் தீவில் அந்தி ஜெபத்துக்கு ஊதினால் அவரவர் வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும், மறுசங்கு ஊதிய பிறகுதான் எழுந்திருக்கலாம். நடுவில் தெருவில் கால் வைத்தால் ஒரு பன்றி அபராதம்.

அதை வசூலிக்கிற தெருக்காவல் வாலிபர்களுக்குத் தலைவன் ஃபிலிபோ. அன்று அவனுக்குக் காவல் முறை இல்லை, முறை இல்லாத நாளில் தலைவனும் வீட்டில்தான் உட்கார வேண்டும். போன வாரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய சொந்த மாமாவையே மடக்கியவன். “நாளெல்லாம் ஓடுறோம் மாமா. கொஞ்ச நேரம் உட்கார்ந்தா என்ன குறைஞ்சிடப் போகுது? சங்குக்கு மறுபேச்சு கிடையாது” என்று சொல்லிவிட்டுப் பன்றியை அவிழ்த்து வந்தான்.

அம்மா பின்பக்கமிருந்து மூச்சிரைக்க வந்தாள், உதட்டைப் புறங்கையால் துடைத்தபடி. பெண் ஓடிப்போனால் எந்தத் தாய்க்குத்தான் மூச்சு வாங்காது? அப்பா இறந்த பிறகு ஜெபம் நடத்துவது அவள்தான். கடல் பக்கத்து ஓலைத் தட்டியை இறக்கிவிட்டுப் பாயைக் காட்டினாள்.

“இன்னும் வெயில் போகலையேண்ணே” என்றான் பெனி.

“ஊதிட்டா ஊதினதுதான். உட்காருடா.” கத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஃபிலிபோவும் உட்கார்ந்தான். “அம்மா, சுருக்கமா முடி.”

அம்மா கண்ணை மூடினாள். ஓடிப்போனவளுக்கு நல்ல புத்தி கொடு என்று ஆரம்பித்தாள். துறையில் மோட்டார் ஒருமுறை இருமி அடங்கியது.

கத்திப்பிடியில் ஃபிலிபோவின் விரல்கள் இறுகின. படகு கிளம்பவில்லை, இன்னும் நேரமிருக்கிறது. அம்மா ஆக்லாந்தில் இருக்கும் சித்தப்பாவின் முழங்காலுக்காக வேண்டினாள். மோட்டார் மறுபடி இருமியது. அம்மா போதகருக்காகவும் மாமாவின் வயிற்றுக்காகவும் வேண்டினாள். அந்தப் பன்றிக்காகவும் வேண்டினாள், அதை ஞாயிற்றுக்கிழமையே சாப்பிட்டாகிவிட்டது.

“அம்மா, ஆமென் சொல்லு.” ஃபிலிபோ பல்லைக் கடித்தான். நெற்றி வியர்வை கத்தியில் சொட்டியது.

“நாளெல்லாம் ஓடுறோம். கொஞ்ச நேரம் உட்கார்ந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?” கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு, அம்மா பாட்டைத் தொடங்கினாள். இருப்பதிலேயே நீளமான பாட்டு.

மோட்டார் இருமியது, திணறியது, பிறகு பிடித்துக்கொண்டு ஒரே சீராக அலறியது.

“ஆமென்” என்றாள் அம்மா, சரணத்தின் நடுவில்.

ஃபிலிபோ முழங்காலில் எழுந்து காதைத் தீட்டிக்கொண்டான். படகு பவளப்பாறையின் வாயைத் தாண்டக் கரையோரமாகச் சுற்றித்தான் போக வேண்டும். குறுக்கே ஓடினால் முனையில் பிடித்துவிடலாம். மறுசங்கு மட்டும் ஊதட்டும்.

ஊதியது. நீளமாக, நிதானமாக.

அந்தச் சத்தம் அடங்குமுன் அவன் தெருவில் இருந்தான், கத்தி கையில், பெனி பின்னால். பத்தடிகூடப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்க வேண்டிய காவல் வாலிபர்கள் வேட்டியை இறுக்கியபடி அப்போதுதான் வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் தலைவனின் கால்களைப் பார்த்தான். அவை தெருவில் இருந்தன.

“அண்ணே, பன்றியை நீங்களே கொண்டுவந்து கட்டிடுவீங்களா, நாங்க வரணுமா?”

“முடிஞ்சு ஊதியாச்சேடா” என்று கத்தினான் ஃபிலிபோ.

அம்மா தட்டியைச் சுருட்டி மேலே கட்டினாள். பாறையின் வாய்க்கு அப்பால் படகு சின்னதாகிக்கொண்டிருந்தது.

“முதல்ல ஊதினது உங்கப்பாவோட சங்குடா. ஊர்ச்சங்கு இப்பதான் ஊதுது, வந்து உட்காரு.”