மயில் அடித்த முளை

அன்று ஆற்று மணலில் கூடியிருந்தவர்கள் மூவர்: தலைமை வகித்த மயில், தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவி, அந்தக் கரையிலேயே ஏழு தலைமுறையாக வளை தோண்டி வாழும் குலத்து நண்டு.

வெள்ளம் ஏறும் எல்லையில் ஒரு முளை அடிப்பது, யாவரும் அதற்கு மேலேயே முட்டையிடுவது என்பது மயிலின் திட்டம். முளையை அது காலையிலேயே அடித்துவிட்டது. கூட்டமென்றால் ஆற்றுவாசி ஒருவரும் இருக்கவேண்டும் என்ற முறைக்காகவே நண்டை அழைத்திருந்தது. நண்டுக்கு அது தெரியும், தெரிந்தேதான் வந்தது.

“சம்மதம்தானே?” என்று தோகையை விரித்தது மயில்.

“வெள்ளம் ஏறும் எல்லைக்கு முளை இருபது முழம் கீழே இருக்கிறது, ஐயா” என்றது நண்டு.

“நேராக நடக்கத் தெரியாத நீரா எனக்கு ஆற்றைப் பற்றிச் சொல்வது?”

“ஆறு என்றைக்கு ஐயா நேராக நடந்தது?”

ஆள்காட்டி சிரித்துவிட்டது. பிறகு அடங்கிய குரலில், “போன ஆண்டும் இவர் இப்படித்தான் முளை அடித்தார்; என் நான்கு முட்டைகளும் அதற்கு மேலேதான் இருந்தன. வெள்ளம் கொண்டுபோயிற்று. அப்போது நீங்கள் ஏன் சொல்லவில்லை, அண்ணே?” என்றது.

“எங்களை யாரம்மா கேட்டார்கள்? மழைக்கு முன்பே வெள்ளம் தொடாத இடத்துக்கு வளையை மாற்றிக்கொள்வது எங்கள் குல வழக்கம். இவ்வாண்டு அந்த மருதமரத்தடிக்குப் போய்விட்டோம்.”

மயில் திரும்பிப் பார்த்தது. மேட்டில் மருதமரத்தைச் சுற்றிலும் புதிதாகத் தோண்டிய ஈரமண் குவிந்து கிடந்தது. வளை வாசல்களில் நண்டுக் குஞ்சுகள் சுகமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

தோகையை மடக்கிக்கொண்டு மயில் எழுந்தது. முளையை அலகால் பிடுங்கியது. அதைக் கவ்வியபடியே மருதமரத்தை நோக்கி நடந்தது.