நிரந்தரப் பதிவு

"கையெழுத்தெல்லாம் போட முடியாது" என்று வாட்ச்மேன் பேனாவையும் ஃபாரத்தையும் திருப்பி நீட்டினார்.

வேன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. வயதானவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, ஆஸ்பத்திரியிலோ பேங்கிலோ இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விடும் வேன். காசு கிடையாது. அந்தக் காசு கிடையாது என்பதில்தான் அவருக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்.

பாதி நரைத்த டிரைவர் பொறுமையாகச் சொன்னார். "ஒரே ஒரு தடவை போட்டுடுங்க பெரியவரே. அப்புறம் வாராவாரம் போன் பண்ணிப் பதிய வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஆனா வண்டி தானா வந்து நிக்கும்."

"எதுக்கு?"

"உங்க சௌகரியத்துக்குத்தான்."

"என் சௌகரியத்துல உங்க ஆபீஸுக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

பின் சீட்டில் இருந்த தையல்காரம்மா எப்போதோ கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். "அண்ணனுக்கு வீட்டை எழுதி வாங்கிடுவாங்கன்னு பயம். ஒண்ணரை ரூம் வீடு. அதுல பாதியை அவரோட சந்தேகமே அடைச்சுக்கிட்டிருக்கு" என்றாள்.

வாட்ச்மேன் கோபித்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் குடோன் கேட்டில் நின்றவர். முதலாளியின் மச்சானையே சீட்டு இல்லாமல் உள்ளே விடாதவர். சந்தேகப் பிராணி என்ற பேர் இன்றைக்கு அவருக்குக் கைகொடுத்தது.

உண்மைக் காரணத்தை வேனில் வைத்துச் சொல்ல முடியாது.

வேனை விட்டு இறங்கியதும் அடுத்த வாரத்துக்குப் பதிந்துகொள்ளலாம். காலையில் வேன் ஆபீஸுக்குப் போன் செய்தால் ஒரு ஆண்குரல் எடுக்கும். சத்தமில்லாமல் வைத்துவிடுவார். மதியத்துக்கு மேல் செய்தால் அந்தப் பெண் எடுப்பாள்.

நான்கே கேள்விகள். பதிவு நம்பர் என்ன? எங்கே போகணும்? படி ஏறுவீங்களா? கூட யாராவது வர்றாங்களா?

நான்காவதற்கு அவர் எப்போதும் "யாருமில்ல" என்பார்.

"சரி, பதிஞ்சாச்சு. பாத்து வாங்க, பெரியவரே."

இந்தப் 'பாத்து வாங்க' காலை ஆளிடம் கிடையாது. ஒரு தடவை வேண்டுமென்றே அவனிடம் பேசிப் பார்த்துவிட்டார்.

மொத்தம் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் வாரம் தவறாமல் ஆஸ்பத்திரி. முழங்காலைப் பார்த்த டாக்டர் ஆறு மாசம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லி ஆறு மாசத்துக்கு மேலாகிறது. இவர் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் டோக்கன் நம்பரை எண்ணிவிட்டு, திரும்பும் வண்டியில் வந்துவிடுவார். பதிந்துவிட்டு இரண்டு தடவை ஏறாமல் விட்டால் பேரை அடித்துவிடுவார்களாம். அதனால் ஏறித்தான் ஆக வேண்டும்.

டிரைவர் பெருமூச்சு விட்டார். "சரி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமாப் பாருங்க."

வாட்ச்மேன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பிரித்தார். மறுப்பதாக இருந்தாலும் எதை மறுக்கிறோம் என்று தெரிய வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. லென்ஸைப் பிடித்து, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினார்.

ஆபீஸிலேயே பேனாவால் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். பேர் சரி. தெரு சரி. அதற்குக் கீழே நீளமாக ஒரு வரி: அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்.

வேனுக்குப் பேர் கொடுத்தபோது அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னவர் அவர். "அப்படி எவனும் கிடையாது" என்று சொல்லியிருந்தார்.

இப்போது அது காலியாக இல்லை. அவருக்குத் தெரியாத ஒரு போன் நம்பர் இருந்தது. பக்கத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம். கட்டத்துக்குள் மூன்றே எழுத்து.

ம. க. ள்.

கடைசி எழுத்தின் கால் கட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. சிலேட்டில் எழுதிய நாளிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். எத்தனை திருத்தியும் வரவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் முதல் தடவை போன் செய்தபோதே அவருக்குக் குரல் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன், தானே தேடிக்கொண்டவனோடு வாசலில் வந்து நின்று, "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டு ஓய்ந்த குரல். அன்றைக்கு உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதில் சாய்ந்து நின்றவர் அவர்.

போனில் நம்பரைத்தான் சொல்கிறோம், பேரைச் சொல்வதில்லையே, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். போதாததற்குத் தொண்டையை வேறு கரகரவென்று மாற்றிக்கொண்டு பேசினார்.

நான்கு மணிக்குப் போன் செய்தார்.

பதிவு நம்பர் கேட்டாள். சொன்னார். ஆஸ்பத்திரி என்றார். படி ஏறுவேன் என்றார்.



"ஃபாரத்துல கையெழுத்து போட மாட்டேன்னுட்டீங்களாமே?" இது அந்த நான்கில் இல்லாத கேள்வி.

"போட்டா அப்புறம் போன் பண்ண வேண்டாமாம்" என்றார். தொண்டையை மாற்ற மறந்துபோனார்.

எங்கோ ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, நாலாவது கேள்வி.

"கூட யாராவது வர்றாங்களா?"

எட்டு மாதமாகச் சொல்லிப் பழகிய பதில் வாய் வரைக்கும் வந்தது. அவர் தாளைப் பார்த்தார். கட்டத்துக்கு வெளியே இறங்கியிருந்த அந்தக் காலின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"அதை நீதான் சொல்லணும்" என்றார்.