நிரந்தர வேலை

மண்டூர் வயல் வட்டையில கூலிக்கு வேளாண்மை வெட்டுறவன் நான். என் மகளைக் கேட்டு டிலக்சன் வந்தான். தோள்வரை மயிர், முதுகில எலெக்ரிக் கிட்டார். பத்து வருசமா ஹெவி மெட்டல் குழுவில லீட் வாசிக்கிறானாம்.

“எத்தனை மேடைடா ஏறின?”

“மூணு, மாமா. பாதியில சனம் எழும்பிப் போயிட்டு.”

“நிரந்தர வேலையோட வா. மறுகா கதைப்பம்.”

மார்கழியில திரும்பி வந்தான். “கமக்காரர் சங்கம் வயலில வேலைக்கு எடுத்திருக்கு மாமா. தினமும் பொழுதுபட வாசிக்கவேணும்.”

“உன்ட இரைச்சலைக் கேட்க ஆர் வாறது?”

“ஏழெட்டுப் பேர். முதல் பாட்டோட ஓடிருவாங்க.”

“ஓடினா என்னத்துக்குச் சம்பளம்?”

தலையைக் குனிஞ்சான். “ஓடத்தான் மாமா சம்பளம். யானை விரட்டுற வெடியை விட நான் மலிவாம்.”

அந்தப் போகம் ஒரு கதிரும் மிதிபடல்ல. எனக்கும் வெட்டு வேலை கிடைச்சது. மகளைக் குடுத்தன்.

கலியாண வீட்டில மட்டும் கிட்டாரைத் தொட விடல்ல. சோறு மிஞ்சிரும்.