வளையலை ஏற்றும் கை

தனசேகரின் மனைவி ரேணுகா நட்டதைப் பார்த்துத்தான் எந்திரங்கள் நடவு கற்றுக்கொண்டன. கூலி நடவுக்குப் போன குடும்பங்களுக்கெல்லாம் வீட்டுக்கொரு எந்திரம் வந்தது. வலங்கைமான் பக்கம் பசி என்ற பேச்சே இல்லை. போன தையில் காய்ச்சல் கண்டு ரேணுகா போய்ச் சேர்ந்தாள்.

ஒவ்வொரு வரிசை முடிவிலும் எந்திரம் மணிக்கட்டைத் தொட்டு, இல்லாத வளையலை மேலே ஏற்றிவிடும். அதைப் பார்க்கவே தனசேகர் வரப்பில் நிற்பான்.

பழுதுபார்க்க வந்த பெண் தயங்கினாள். "அண்ணே, இந்த வளையல் வேலை வீண். எடுத்துட்டா எல்லாரும் தினம் ஒரு மா நெலம் கூடுதலா நடலாம். ஆனா இது அக்காவோட கைப்பழக்கம், நீங்கதான் சரின்னு சொல்லணும்."

"எல்லார்துலயும் எடுத்துடும்மா. என்னுதுல மட்டும் இருக்கட்டும்."

"உங்க நடவு முடிய நாளாகுமேண்ணே?"

"ஆகட்டும்" என்றபடி, அடுத்த வரிசை முடியும் இடத்துக்கு நடந்தான்.