எழும்பக் கூடாது

"டொக்டர் வந்தா எழும்ப வாணாம். செல்லிட்டேன்" என்று சட்டத்தரணி ஹபீஸ் மறுபடியும் என் காதில் கிசுகிசுத்தார்.

எனக்கு அது லேசான காரியமில்லை. பெரிய மனிதரைக் கண்டால் எழும்புவது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடக்கப் பழகும்போதே பழகுவது. நான் ஒருமுறை துரையின் நாய்க்கும் எழும்பியிருக்கிறேன்.

ஆனால் இன்று எழும்பினால் எல்லாம் போச்சு.

பதுளையிலுள்ள இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில்தான் டொக்டர் எனக்கு இடுப்புக்குக் கீழே ஊசி போட்டார். அது நரம்பில் பட்டு வலது கால் செத்துப்போனது என்கிறோம் நாங்கள். நட்டஈட்டுக்காக நடிக்கிறேன் என்கிறார்கள் அவர்கள். இன்று பேசித் தீராவிட்டால் வழக்கு. வழக்கு முடிவதற்குள் என் பிள்ளைக்கே பிள்ளை பிறந்துவிடும்.

கவ்வாத்துக் கத்தியைப் பிடித்துக்கொண்டு மலையில் நிற்க முடியாதவனை அதுவரை யார் வைத்துச் சோறு போடுவது?

வீட்டில் ஒத்திகையும் பார்த்தோம். மனைவி சுதர்ஷினி என் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு டொக்டராக லயத்துக்குள் வருவாள். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அவள் வரும்போது அசையாமல் இருப்பது கல்யாணமான நாளிலிருந்தே எனக்குப் பழக்கம்.

கதவு திறந்தது.

கையில் குண்டூசி குத்திய கடதாசிக் கட்டோடு டொக்டர் உள்ளே வந்தார்.

என் உடம்பு என்னைக் கேட்காமலே எழும்பியது. கை கும்பிட்டது. வாய் "வாங்கய்யா" என்றது.

கால் மட்டும் வரவில்லை.

மேசை, மின்விசிறி, தரை. ஒரு செருப்பு எங்கோ பறந்தது.

ஹபீஸ் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற சுதர்ஷினி ஓடி வந்து என் தலையை மடியில் தாங்கினாள். எதிரே உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரியின் சட்டத்தரணி சிங்களத்தில், நல்ல நடிப்பு என்றார்.

டொக்டர் வந்து என் காலடியில் குந்தினார். பயம் வந்தால் நான் எப்போதும் செய்கிற ஒன்றைத்தான் அப்போதும் செய்தேன். பல்லைக் காட்டினேன்.

"மன்னிச்சிருங்கய்யா. மத்ததுக்கெல்லாம் மரியாதை தெரியும். இந்த ஒரு காலுதான் சங்கத்துல சேந்து ஸ்ட்ரைக் பண்ணுது."

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடாமல் சிரித்தேன்.

அவர் நெற்றி வியர்த்தது. எழும்பிப் போய்த் தன் சட்டத்தரணியின் காதில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் கோப்பை மூடினார்.

நாங்கள் கேட்டதைக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும், விறாந்தை வாங்கில் என்னை உட்கார வைத்துவிட்டு ஹபீஸ் வாடகைக்கு வான் பிடிக்க ஓடினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா சுதா? நம்ம பகிடியில டொக்டரே உருகிட்டாரு."

சுதர்ஷினி கீழே உட்கார்ந்து என் வலது பாதத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைப்பில் சிவப்பு.

"பகிடியிலயா?" என்றாள். "குண்டூசிய உருவி ஒங்க பாதத்துல எறக்குனாருங்க அந்த மனுசன். நான் கத்த வாயெடுத்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க."